கூரை வேயப் போகிறோம்: டெல்டா ஊழியப் பயணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு வருஷமும் பொங்கல் முடிந்த கையோடு திருச்சியிலிருந்து எங்கள் சபையார் இருபது பேர் வேதாரண்யம் பக்கம் போகிறோம். புயலிலும் மழையிலும் கூரை போன வீடுகளைச் சரிசெய்து கொடுத்துவிட்டு வருவோம். 2018-இல் கஜா புயல் அடித்த பிறகு ஆரம்பித்த ஊழியம் இது. இந்த வருஷப் பயணத்துக்கு அறிவிப்பு கொடுத்ததும், ஆராதனை முடிந்து வாசலில் வைத்தும் போனிலும் பலர் பல கேள்வி கேட்டார்கள். அவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் கொத்தனார் இல்லை, பள்ளிக்கூட வாத்தியார். முதல் பயணத்திலிருந்து கூடப் போய்க்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

கஜா வந்து இத்தனை வருஷம் ஆகிவிட்டதே, இன்னும் சரிசெய்ய என்ன இருக்கிறது?

நியாயமான கேள்வி. நானும் மூன்றாவது வருஷம் இதையேதான் கேட்டேன்.

2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கஜா கரையைக் கடந்தது. காற்று மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். கரையோடு நிற்காமல் திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று உள்ளே ஏறிப் போனது. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தோப்புத் தோப்பாகத் தென்னை சாய்ந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்ததால் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை.

கடலோரத்தில் 2004 சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த கான்கிரீட் வீடுகள் பெரும்பாலும் தாங்கின. பறந்தது உள்ளே இருக்கும் விவசாயக் கூலிகளின் குடிசைகள்தான். முதலில் அவர்களுக்குத் தார்ப்பாய் கிடைத்தது. அப்புறம் கிடைத்த காசில் சிமெண்ட் ஷீட் போட்டார்கள். அவசரத்தில் போட்டதால் போல்ட் சரியாக இல்லை, ஷீட்டுக்கு ஷீட் ஏற்றமும் போதவில்லை. 2020 டிசம்பரில் புரெவி புயல் வந்து நாள்கணக்கில் மழை கொட்டியபோது அந்தக் கூரைகள் எல்லாம் ஒழுகின.

கீற்றுக் குடிசையின் கதை வேறு. கீற்று இரண்டு வருஷம் தாங்கும், மிஞ்சினால் மூன்று. பிறகு மாற்றித்தான் ஆகவேண்டும். புயல் முடிந்த மாதத்தில் ஊரெல்லாம் மரம் விழுந்து கிடந்ததால் மட்டைக்குப் பஞ்சமில்லை. அடுத்த முறை கூரை மாற்ற நேரம் வந்தபோது முடைய மட்டையே இல்லை, காசு கொடுத்து வெளியூரிலிருந்து வாங்க வேண்டியிருந்தது. நாட்டுத் தென்னை நட்டால் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். தோப்பு வைத்திருந்தவருக்கு வருமானம் போனது, அந்தத் தோப்பில் காய் உரித்தவருக்குக் கூலி போனது. அந்தக் கூலியில்தான் இவர்கள் கூரை மாற்றிக்கொண்டிருந்தார்கள். புயல் ஒரு ராத்திரியில் முடிந்துவிட்டது. கூரைக்குக் காசில்லாத நிலைமை இன்னும் முடியவில்லை. நாங்கள் போவது அதற்காக.

மழைக்கு முன்னால் போகாமல் ஏன் தை மாதம்?

ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் கூரையைப் பிரிக்க முடியாது. பிரித்த அன்றைக்கே மழை வந்தால் நெல், துணி, பாய் எல்லாம் நனைந்து போகும். தையில் வானம் வெளுத்திருக்கும், தரையும் காய்ந்திருக்கும். சம்பா அறுவடை நேரம் என்பதால் பகலில் வீட்டுக்காரர்கள் வயலுக்குப் போயிருப்பார்கள். அது ஒன்றுதான் சிரமம். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் யார் எந்த நேரம் இருப்பார்கள் என்று முன்பே கேட்டு வைத்துவிடுகிறோம்.

மீனவர் ஊர்களுக்குப் போவதாக இருந்தால் மீன்பிடித் தடைக்காலம்தான் நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. ஆண்கள் கரையில் இருப்பார்கள். வெயில்தான் கொளுத்தும். ஒரே ஒரு முறை அப்படிப் போனோம். நாங்கள் போட்ட முடிச்சையெல்லாம் பார்த்துவிட்டு ஒரு பெரியவர் அத்தனையையும் அவிழ்க்கச் சொன்னார். பிறகு வலைக்குப் போடும் முடிச்சை, கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் காட்டிக் கொடுத்தார். இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு. இன்றுவரை எங்கள் குழு கூரைக்குப் போடுவது அந்த முடிச்சுத்தான்.

எனக்கு எந்த வேலையும் தெரியாது. வரலாமா?

தாராளமாக வாருங்கள். கூரை ஏறும் வேலையை நாம் செய்வதில்லை. வேதாரண்யம், தலைஞாயிறு பக்கமே கூரை வேய்கிறவர்களும் ஆசாரிகளும் கொத்தனார்களும் இருக்கிறார்கள். அவர்களை அந்த ஊர்க் கூலிக்கு, முழுக் கூலிக்கு அமர்த்துகிறோம். நாம் அவர்களுக்குச் சித்தாள். கீற்று எடுத்துக் கொடுப்பது, மண் குழைப்பது, கழிவுகளை அப்புறப்படுத்துவது, ஏணி பிடிப்பது, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது, இப்படி எல்லாருக்கும் வேலை இருக்கும்.

இலவசமாகச் செய்ய ஆள் வந்துவிட்டார்கள் என்று உள்ளூர் வேலைக்காரருக்கு வேலை இல்லாமல் போனால், ஒரு குடும்பத்துக்குக் கூரை கொடுத்து இன்னொரு குடும்பத்தின் சோற்றில் கை வைத்ததாகிவிடும். முதல் பயணத்தில் இதை யோசிக்காமல் போய்விட்டோம். ஒரு மேஸ்திரி நேராக வந்து கேட்ட பிறகுதான் புரிந்தது.

அப்படியென்றால் பணத்தை அனுப்பிவிட்டு நாம் வீட்டிலேயே இருக்கலாமே?

இருக்கலாம். அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் இல்லாமல் பயணமே இல்லை. ஆனால் பணம் அனுப்பிய வருஷங்களில் ஷீட் போய்ச் சேர்ந்தது, ஷீட்டைக் கட்டையோடு பிடிக்கும் ஜே போல்ட் போய்ச் சேரவில்லை. பக்கத்தில் ஆள் நின்றால்தான் எது குறைகிறது என்று தெரிகிறது. இன்னொன்றும் உண்டு. மெயின் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே, வாய்க்கால் கரையில் இருக்கும் வீட்டுக்கு யாராவது வந்து உட்கார்ந்து பேசுவதே அந்த வீட்டாருக்குப் பெரிய விஷயம். போய்ப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

எந்த வீடு என்று யார் முடிவு செய்கிறார்கள்?

கஜா சமயத்தில் நிவாரண லாரிகள் ரோட்டோரத்திலேயே நின்றுவிட்டன. ரோட்டோரத்தில் யார் இருந்தார்களோ அவர்களுக்குக் கிடைத்தது. உள்ளே தள்ளி இருக்கும் தெருக்களுக்கு, அதிலும் தலித் மக்கள் குடியிருக்கும் தெருக்களுக்கு, பலவும் போய்ச் சேரவில்லை. நாங்களே முதல் வருஷம் கண்ணில் பட்ட வீட்டைத்தான் எடுத்தோம். அதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

இப்போது கார்த்திகையிலேயே இரண்டு பேர் போய்த் தெருத்தெருவாக நடக்கிறார்கள். மகளிர் சுயஉதவிக் குழுவில் இருக்கும் பெண்களிடம் விசாரிக்கிறார்கள், ஏனென்றால் எந்த வீட்டில் ராத்திரி பாத்திரம் வைத்து ஒழுக்குத் தண்ணீர் பிடிக்கிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். தனியாக இருக்கும் வயதானவர்கள், கணவனை இழந்தவர்கள், மாற்றுத்திறனாளி இருக்கும் வீடுகள் முதலில். மதம், சாதி, கட்சி எதையும் கேட்பதில்லை. நாம் வேலை செய்யும் வீடுகளில் பெரும்பாலானவை கிறிஸ்தவர் வீடுகள் அல்ல.

பட்டா இல்லாத வீட்டைத் தொடலாமா?

டெல்டாவில் இது பெரிய சிக்கல். இங்கே ஏராளமான குடிசைகள் கோயில் மனையிலோ மடத்து மனையிலோ வாய்க்கால் புறம்போக்கிலோ இருக்கின்றன. பண்ணையாரின் இடத்தில் குடியிருந்த கூலிகளுக்கு அந்த மனையே சொந்தமாக வேண்டும் என்று 1971-இல் தமிழ்நாட்டில் குடியிருப்புச் சட்டம் வந்தது. அதில் பட்டா பெற்றவர்கள் உண்டு. பெறாதவர்களும் உண்டு.

எங்கள் வழக்கம் இதுதான்: இருக்கிற குடிசையை இருக்கிறபடியே பழுது பார்ப்போம். கூரை மாற்றுவோம், கூரையைத் தாங்கும் மரக்காலை மாற்றுவோம். பட்டா இல்லாத இடத்தில் புதிதாகச் செங்கல் சுவர் எழுப்ப மாட்டோம். கோயில் மனை என்றால் கோயில் நிர்வாகத்திடம் சொல்லாமல் ஆரம்பிக்கக் கூடாது. நம் வேலையால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு நோட்டீஸ் வந்துவிடக் கூடாது, அது முக்கியம்.

இந்த மண்ணில் குடிசை என்பது சாதாரண விஷயம் இல்லை. 1968 டிசம்பர் 25 ராத்திரி, நாம் கிறிஸ்துமஸ் கொண்டாடிய அதே ராத்திரி, கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயக் கூலிகளின் குடும்பங்கள் ஒரு குடிசைக்குள் அடைபட்டு எரிக்கப்பட்டன. செத்தவர்கள் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். அதற்குப் பிறகு கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவர் ஜெகந்நாதனும் இந்தப் பக்கம் வந்து, 1981-இல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, நிலமில்லாத பெண்களின் பெயரில் நிலம் வாங்கிக் கொடுத்தார்கள். குடிசைக்குப் பதிலாகச் செங்கல் வீடு என்று ஊர் ஊராகக் கட்டவும் செய்தார்கள். பயணத்துக்கு வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாருங்கள். ஓலைக்குப் பதில் ஓடு வேண்டும் என்று ஒரு பாட்டி கேட்டால், அது வெறும் வசதிக்காகக் கேட்பது இல்லை.

வேலையில் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் எரவாணம். கூரை சுவரில் வந்து இறங்கும் இடத்தில் கீற்றுக்கு அடியில் ஒரு சந்து இருக்குமே, அது. பூட்டு, அலமாரி இல்லாத வீட்டில் அதுதான் அலமாரி. தலைஞாயிறு பக்கம் ஒரு வீட்டில் பழைய கீற்றை நாங்கள் மடமடவென்று இழுத்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தோம். வயலிலிருந்து அப்போதுதான் வந்த அந்த வீட்டு அம்மா, "ஐயோ, இருங்க சார்" என்று ஓடிவந்து குப்பைக்குள் கை விட்டுத் தேடினார். உர மூட்டைச் சாக்கைக் கிழித்துச் சுற்றி, கட்டுக்கம்பியால் கட்டிய ஒரு பொட்டலம். உள்ளே ரேஷன் கார்டு, மகளின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், இறந்துபோன கணவரின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒன்று. கஜா அடித்த ராத்திரி கூரை பாதி போனபோதும் அந்த மூலை மட்டும் போகவில்லையாம். நாங்கள் அதைக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தியிருப்போம்.

அன்றிலிருந்து வீட்டுக்காரர் தன் கையால் எரவாணத்தைத் துழாவி முடிக்கும் வரை யாரும் ஒரு கீற்றைக்கூடத் தொடக்கூடாது என்பது விதி. இன்னொரு காரணமும் இருக்கிறது. அரிவாளையும் அங்கேதான் செருகி வைப்பார்கள்.

அடுத்தது கால். சவுக்குக் கால் மண்ணோடு சேரும் இடத்தில்தான் உளுத்துப் போகும். மேலே பார்த்தால் நன்றாக இருக்கும். அடியில் ஒரு சாண் தோண்டி ஆணியால் குத்திப் பாருங்கள், சதக்கென்று இறங்கினால் கால் மாற்ற வேண்டும். புதுக் காலுக்கு, புதையும் பாகத்துக்கும் மேலே அரை அடிக்கும் தார் பூசி, காய்ந்த பிறகு நடுவார்கள். வேதாரண்யம் பக்கம் மணல், குழி ஆழமாக வேண்டும். உள்ளே களிமண், மழைக்கு உப்பி வெயிலுக்கு வெடிக்கும். காலைச் சுற்றி ஜல்லி போட்டு இடிக்க வேண்டும்.

கூரை பறப்பது மேலிருந்து அடிக்கும் காற்றால் இல்லை. தாழ்வாரத்தின் அடியில் காற்று புகுந்து மேலே தூக்குவதாலும், கூரைக்கு மேலே ஓடும் காற்று மேல்நோக்கி இழுப்பதாலும் பறக்கிறது. அதனால் தாழ்வாரம் ஒன்றரை அடிக்கு மேல் நீளக்கூடாது. நிழலுக்காக நீட்ட வேண்டும் என்று கேட்பார்கள். அதைத் தனிப் பந்தலாகப் போட்டுக் கொடுங்கள், பந்தல் போனாலும் வீடு நிற்கும். முகடு, கைமரம், விட்டம், கால் நான்கும் ஒன்றோடொன்று கட்டுப்பட்டிருக்க வேண்டும், ஒரு இடத்தில் விட்டாலும் போச்சு. மூலைக்கு மூலை குறுக்குக் கட்டை அடிக்க மறக்கக் கூடாது. ஷீட் என்றால் ஓரங்களிலும் முகட்டிலும் போல்ட் நெருக்கமாக இருக்கட்டும், ஒவ்வொரு போல்ட்டுக்கும் வாஷர் வேண்டும். ஓட்டையை ஷீட்டின் மேட்டில்தான் போட வேண்டும், பள்ளத்தில் போட்டால் தண்ணீர் இறங்கும்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் உடைந்து கிடந்தால் காலால் மிதிக்காதீர்கள், அறுக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். தண்ணீர் தெளித்து நனைத்து, மாஸ்க் போட்டுக்கொண்டு, முழுசாகவே எடுத்து வையுங்கள்.

பாம்பு இருக்குமா?

இருக்கும். விழுந்து கிடக்கும் கீற்றுக்கு அடியில் எலி வரும், எலிக்குப் பின்னால் நல்ல பாம்பும் விரியனும் வரும். கம்பால் தட்டிவிட்டு எடுங்கள், பூட்ஸ் கட்டாயம். கடித்துவிட்டால் கயிறு இறுக்கிக் கட்டுவது, கீறிவிடுவது எதுவும் வேண்டாம். ஆட்டாமல் அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மருந்து அங்கே இருக்கும். காலில் புண் இருந்தால் தேங்கிய தண்ணீரில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் வரும். கிளம்புவதற்கு முன் டிடி ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

சுவிசேஷம் சொல்வோமா?

ஜெபம் செய்யச் சொல்லி அவர்களாகக் கேட்டால் செய்வோம். கேட்காவிட்டால் இல்லை. கைப்பிரதி எடுத்து வர வேண்டாம். கூரை வேண்டும் என்று காத்திருக்கிற ஒருவரிடம் போய்ச் சொன்னால், அவர் மறுக்க முடியாமல்தான் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலை வாங்கிக்கொண்டு வருவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, எங்கள் சபைப் போதகரான ஐயருக்கும் இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாவது வருஷம் கடலோர ஊர் ஒன்றில் வேலை முடிந்து ஜெபத்துக்கு நின்றோம். அந்த வீட்டுக்காரம்மாதான் ஜெபிக்கச் சொல்லிக் கேட்டார். எங்களில் ஒருவர் மணலின் மேல் வீடு கட்டிய புத்தியில்லாதவன், கன்மலையின் மேல் கட்டிய புத்தியுள்ளவன் என்று வரும் வேதாகமப் பகுதியை எடுத்து வாசித்தார். வீடு பற்றிய வசனம், பொருத்தமாக இருக்கும் என்று நினைத்துவிட்டார். அந்த அம்மா குனிந்து தன் காலடியைப் பார்த்தார். அங்கே மணல்தான். அந்த ஊர் முழுக்க மணல்தான், அவர் பாட்டன் காலத்திலிருந்து அவர்களுக்கு வேறு இடம் கிடையாது. புத்தியில்லாமல் அங்கே கட்டவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் எங்களுக்கு டீ எடுத்து வந்தார். அந்தப் பகுதியை இந்தப் பயணத்தில் யாரும் வாசிக்க வேண்டாம் என்று அன்றிரவே முடிவு செய்தோம்.

தரங்கம்பாடியில் 1706-இல் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு முதலில் செய்தது சின்னப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து, விரலால் எழுதி, தமிழ் படித்ததுதான். பேசுவதற்கு முன்னால் அந்த ஊர்க்காரரிடம் கற்றுக்கொண்டார். வாய்ப்பிருந்தால் திரும்பும் வழியில் அங்கே அவர் கட்டிய புது எருசலேம் ஆலயத்துக்குப் போய்விட்டு வருவோம். 1718-இல் பிரதிஷ்டை செய்தது, சுனாமியைப் பார்த்தும் நிற்கிறது.

எங்கே தங்குவோம், சாப்பாடு?

ஓர் ஆலயக் கூடத்தில் பாய் விரித்துப் படுப்போம். பெண்களுக்குத் தனி அறை, தனிக் கழிப்பறை உண்டு. சமையல் நம் குழுவே. தெருவில் யாராவது நீராகாரமோ டீயோ கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக் குடியுங்கள். யார் வீடு, என்ன தெரு என்று பார்த்துத் தயங்கினீர்கள் என்றால் அது அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும், பிறகு எத்தனை கூரை போட்டாலும் சரியாகாது.

எத்தனை வயதிலிருந்து வரலாம்?

18 முடிந்திருக்க வேண்டும். மேல் வரம்பு இல்லை.

துபாயில் இருக்கும் என் தம்பி பணம் அனுப்பலாமா?

அவர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார், தன் சம்பளத்தை வங்கி வழியாக அனுப்புகிறார் என்றால் பிரச்சினை இல்லை. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்களும் வெளிநாட்டுச் சபைகளும் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் வரும். அதற்குப் பதிவு வேண்டும், தனிக் கணக்கு வேண்டும். எங்கள் குழுவுக்கு அது இல்லை, ஆகவே வாங்குவதில்லை.

போட்டோ எடுக்கலாமா?

வேலையை எடுங்கள். கூரையை, முடிச்சை, போல்ட்டை எடுங்கள், அடுத்த வருஷம் வருகிறவர்களுக்குப் பாடமாக இருக்கும். வீட்டுக்காரரைச் சாவி வாங்குகிற மாதிரி நிறுத்தி எடுப்பது வேண்டாம். சபை பேனரை அவர்கள் வாசலில் கட்டுவதும் கிடையாது.

அடுத்த புயலில் இதுவும் பறந்துவிட்டால்?

பறக்கலாம். 1952, 1977, 2018 என்று பெரிய புயல்கள் இந்தக் கரையில் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. எங்கள் கூரை எதுவும் கான்கிரீட் இல்லை. எச்சரிக்கை வந்ததும் முகாமுக்குப் போய்விடுங்கள், வீட்டைக் காக்கிறேன் என்று உள்ளே இருக்காதீர்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறோம். எரவாணத்துப் பொட்டலத்தைக் கையோடு எடுத்துப் போக, பிளாஸ்டிக் பை ஒன்றும் கொடுக்கிறோம். அப்புறம் முதல் மழை பெய்ததும் போன் போட்டு எங்கே ஒழுகுகிறது என்று கேட்போம். ஒழுகினால் உள்ளூர் மேஸ்திரியை அனுப்பிச் சரிசெய்வது நம் பொறுப்பு, அந்தச் செலவுக்குத் தனியாகப் பணம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

பெயர் கொடுப்பது எப்படி, என்ன எடுத்து வர வேண்டும்?

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வெளி வராந்தாவில் நோட்டு இருக்கும். பெயர், இரத்த வகை, வீட்டு போன் நம்பர் மூன்றையும் எழுதுங்கள். பழைய முழுக்கைச் சட்டை இரண்டு, பூட்ஸ், தடித்த கையுறை, டார்ச், துண்டு, தண்ணீர் பாட்டில் வேண்டும். நகை போட்டு வர வேண்டாம். வேன் தஞ்சாவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாகப் போகும். காலை நாலு மணிக்கு ஆலய வாசலில் இருங்கள்.